முகக்கவசமும் நுகர்ச்சி உணர்வும்

முகக்கவசமும் நுகர்ச்சி உணர்வும் என்னும் இத்தலைப்பு, மருத்துவர், செவிலியர், ஆய்வுக்கூடப் பணியாளர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் முதலானோர் பணியின்போது அணியும் பாதுகாப்பு முகக்கவசம், மணங்களை அறியும் அவர்களது திறனில் ஏற்படுத்தும் மாற்றங்களைக் குறிக்கிறது. முகக்கவசம் அணிந்தவருக்கு மணம் ஓரளவு மங்கித் தெரியும், முற்றிலும் மறைவதில்லை. அறுவை முகக்கவசமும் என்-95 வகை முகக்கவசமும் காற்றில் மிதக்கும் துகள்களையும் நீர்த்திவலைகளையும் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டவை. வளிமங்களையும் ஆவிகளையும் அவை தடுப்பதில்லை. எனவே கவசத்தைக் கடந்து மணம் வருவதால் அது பழுதானது என்று பொருளல்ல; மணம் வராததால் காற்று தூய்மையானது என்றும் பொருளல்ல.

இந்த வேறுபாடு, தொழிற்சாலைகளுக்கு அருகில் மருத்துவமனைகளும் குடியிருப்புகளும் அமைந்துள்ள இடங்களில் உயிர்காக்கும் செய்தியாகிறது. வடசென்னையில் விம்கோ நகர், திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் ஆகிய பகுதிகள் இதற்கு எடுத்துக்காட்டாகும். 2020 ஆம் ஆண்டில் நோய்க்கிருமிக்காக முகக்கவசம் அணியப் பழகிய இப்பகுதி, 2023 திசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அமோனியா கசிவையும் ஒரே மாதத்தில் எதிர்கொண்டது. முதலாவதற்கு ஏற்ற கவசம் பின்னவற்றுக்கு ஏற்றதன்று.

வரலாறு

நோயைத் தடுக்க முகத்தை மூடும் வழக்கம் தொடக்கத்தில் மணத்தைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. அழுகிய பொருள்களிலிருந்து எழும் தீய காற்றே நோயைப் பரப்புகிறது என்ற கொள்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. 17 ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் மருத்துவர்கள் சிலர் பறவை அலகு போன்ற கவசம் அணிந்து, அதன் நுனியில் மணமிக்க மூலிகைகளை அடைத்து வைத்தனர். கெட்ட மணத்தை நல்ல மணத்தால் வென்றுவிட்டால் நோய் அண்டாது என்பது அவர்களின் நம்பிக்கை.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணுயிரிக் கொள்கை நிலைபெற்ற பின்னர், கவசத்தின் நோக்கம் மணத்திலிருந்து துகளுக்கு மாறியது. பினாங்கில் பிறந்த மருத்துவர் ஊ லியன்-தே, 1910-11 இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளைநோயின்போது பஞ்சும் வலைத்துணியும் கொண்ட பல அடுக்குக் கவசத்தை மருத்துவப் பணியாளர்கள் அணியச் செய்தார். வளிமங்களைத் தடுக்கும் கவசம் முதல் உலகப் போரின் நச்சுவளித் தாக்குதல்களை அடுத்துத் தனி வழியில் வளர்ந்தது. இவ்வாறு துகள் வடிகட்டும் கவசம், வளிமம் தடுக்கும் கவசம் என இருவேறு மரபுகள் தோன்றின. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே இன்றைய பல குழப்பங்களுக்குக் காரணமாகும்.

நுகர்ச்சி நிகழும் முறை

மணம் தரும் பொருளிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் மூச்சுக்காற்றுடன் மூக்கினுள் செல்கின்றன. மூக்குக் குழியின் மேற்கூரையில் நுகர்ச்சிப் புறவணியிழையம் உள்ளது. அதன் மேல் உள்ள சளிப்படலத்தில் கரையும் மூலக்கூறுகள் நரம்பணுக்களின் ஏற்பிகளுடன் பிணைகின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை நுகர்ச்சி ஏற்பிகள் செயற்படுகின்றன. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991 இல் கண்டறிந்து வெளியிட்ட இலிண்டா பக், இரிச்சர்டு ஆக்செல் ஆகியோருக்கு 2004 ஆம் ஆண்டிற்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இயல்பான மூச்சில் காற்றின் சிறு பகுதியே மூக்கின் மேற்கூரையை அடைகிறது. மோப்பம் பிடிக்கும்போது காற்றின் வேகம் கூடுவதால் மிகுதியான மூலக்கூறுகள் அங்கே சென்று சேர்கின்றன. முகக்கவசம் தலையிடும் முதல் இடம் இதுவேயாகும்.

மணத்தை உணர்வதில் மற்றொரு நரம்பும் பங்கு கொள்கிறது. முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் ஐந்தாம் மூளை நரம்பாகிய முக்கிளை நரம்பு, மூக்கிலும் கண்ணிலும் ஏற்படும் எரிச்சலையும் குத்தலையும் உணர்த்துகிறது. அமோனியாவின் நெடி, வெங்காயத்தின் கண் எரிச்சல், மிளகாய் வறுக்கும்போது எழும் கமறல் ஆகியவை பெரும்பாலும் இந்நரம்பின் வழி அறியப்படுபவை. எனவே நுகர்ச்சித் திறனை முற்றிலும் இழந்த ஒருவரும் அமோனியாவின் குத்தலை உணர இயலும். ஆனால் சமையல் எரிவாயுவில் கலக்கப்படும் மெர்காப்டனின் மணத்தை அவரால் அறிய இயலாமல் போகலாம்.

வடிகட்டியும் மூலக்கூறும்

என்-95 என்னும் பெயரில் உள்ள 95 என்பது, சோதனை நிலையில் ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை அக்கவசம் தடுக்கும் என்பதைக் குறிக்கிறது. கோவிட்-19 நோயை உண்டாக்கும் தீநுண்மி ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் விட்டமுடையது. அது பெரும்பாலும் தன்னைவிடப் பெரிய திவலைகளில் ஏறியே வெளிவருகிறது. மண மூலக்கூறுகளோ ஒரு நானோமீட்டர், அதாவது 0.001 மைக்ரோமீட்டர் அளவினவாகவோ அதனினும் சிறியனவாகவோ இருக்கின்றன.

ஆயினும் அளவு மட்டுமே காரணம் எனக் கொள்வது முழுமையான விளக்கமாகாது. முகக்கவசம் சல்லடை போன்று செயற்படுவதில்லை. பாலிபுரோப்பிலீன் இழைகளாலான அதன் நடு அடுக்கு நான்கு வழிகளில் துகள்களைப் பிடிக்கிறது. கனமான துகள்கள் வளைந்து செல்ல இயலாமல் இழையில் மோதுகின்றன. நடுத்தரத் துகள்கள் இழையை உரசி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறியவை ஒழுங்கின்றி அலைந்து இழையைச் சேர்கின்றன. இழைகளில் ஏற்றப்பட்டுள்ள நிலைமின்னூட்டமும் துகள்களை ஈர்க்கிறது. இதனாலேயே 0.3 மைக்ரோமீட்டரைவிட மிகச் சிறிய துகள்களும் நன்கு பிடிபடுகின்றன.

வளிம மூலக்கூறுகளும் இழைகளில் ஓயாது மோதுகின்றன. ஆனால் பெரும்பாலானவை ஒட்டாமல் மீண்டும் காற்றில் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிடித்து வைக்க மிகப் பெரிய பரப்பளவும் தகுந்த வேதியியல் ஈர்ப்பும் தேவை. செயலூட்டப்பட்ட கரி ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பைக் கொண்டிருப்பதால் கரிம ஆவிகளை ஈர்த்து வைக்கிறது. அமோனியா சாதாரணக் கரியில் எளிதில் தங்காது. அதனைத் தடுக்க வேதிப்பொருள் ஏற்றப்பட்ட தனிவகைக் குப்பி தேவைப்படுகிறது. அமெரிக்க, ஐரோப்பியத் தரநிலைகள் இரண்டிலும் அமோனியாவுக்கான குப்பிக்குப் பச்சை நிறம் குறிக்கப்பட்டுள்ளது.

முகக்கவசம் நுகர்ச்சியைக் குறைக்கும் வழிகள்

மணம் கவசத்தைக் கடந்து வருமெனினும், அணிந்தவருக்கு அது முன்போல் தெளிவாகத் தெரிவதில்லை. இதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

காற்றோட்டத் தடை: கவசத்தின் வழியே மூச்சிழுப்பது சற்றுக் கடினமாவதால் மோப்பத்தின் விரைவு குறைகிறது. மூக்கின் மேற்கூரையைச் சென்றடையும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

இழைகளில் தங்குதல்: கனமான சில மண மூலக்கூறுகள் இழைகளிலும், மூச்சின் ஈரத்திலும் ஓரளவு தங்கிவிடுகின்றன.

பின்புல மணம்: கவசத்தின் உள்ளே அணிந்தவரின் சொந்த மூச்சும், கவசத்தின் துணி மணமும், கைக்கிருமிநீக்கியின் சாராய மணமும் தேங்கி நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் மெல்லிய மணம் இவற்றுக்கிடையே தனித்துத் தெரிவதில்லை.

வெப்பமும் ஈரப்பதமும்: சென்னை போன்ற கடலோர நகரங்களில் நீண்ட நேரம் கவசம் அணியும்போது மூக்கடைப்பும் வியர்வையும் ஏற்படலாம். மூக்கடைப்பு தானாகவே நுகர்ச்சியைக் குறைக்கக் கூடியது.

பொதுவாக, தளர்வான அறுவை முகக்கவசத்தில் ஓரங்கள் வழியே காற்று புகுவதால் இக்குறைவு சிறிதாகவும், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 கவசத்தில் சற்று மிகுதியாகவும் இருக்கும். கடுமையான மணத்தை அறிவதில் பெரிய வேறுபாடு தோன்றாது. மெல்லிய மணத்தை முதலில் கண்டுகொள்ளும் எல்லையே உயர்கிறது. அதாவது முன்பு சிறிதளவிலேயே தெரிந்த மணம், கவசம் அணிந்தபின் அளவு கூடினால்தான் தெரியவரும்.

காற்றுத் தடையாலும் பின்புல மணத்தாலும் விளையும் இம்மாற்றம் கவசத்தைக் கழற்றியதும் மறையக் கூடியது. முகக்கவசம் அணிவதால் நுகர்ச்சி நரம்புகள் நிலையாகப் பாதிக்கப்படுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கவசத்தைக் கழற்றிய பின்னும் மணம் தெரியாமல் இருந்தால் அதன் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

மருத்துவப் பணியில் மணத்தின் பங்கு

ஆய்வுக்கூடச் சோதனைகள் பெருகிய இக்காலத்திலும், படுக்கையருகே நிற்கும் பணியாளரின் மூக்கு பல குறிப்புகளைத் தருகிறது. அவற்றுட் சில:

கட்டுப்படாத நீரிழிவு நோயில் கீட்டோன்கள் பெருகும்போது மூச்சில் பழ மணம் எழுகிறது.

முற்றிய கல்லீரல் செயலிழப்பிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் மூச்சின் மணம் மாறுகிறது.

கரிமபாசுபரசுப் பூச்சிக்கொல்லியை உட்கொண்டவரிடம் பூண்டை ஒத்த மணமோ, மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் மணமோ வீசக்கூடும். பூச்சிக்கொல்லி நச்சேற்றம் மிகுதியாகக் காணப்படும் தமிழ்நாட்டின் அவசரப் பிரிவுகளில் இது பயனுள்ள தடயமாகும்.

காற்றில்லாச் சூழலில் வளரும் நுண்ணுயிரிகள் பெருகிய புண்ணில் கடும் நாற்றமும், சூடோமோனாசு தொற்றில் இனிப்புக் கலந்த மணமும் தோன்றும்.

மகப்பேற்றுக்குப் பின் வெளியேறும் கழிவில் துர்நாற்றம் எழுவது கருப்பைத் தொற்றின் அறிகுறியாகலாம். பனிக்குட நீரா சிறுநீரா என்பதை முதற்கட்டமாகப் பிரித்தறியவும் செவிலியர் மணத்தைத் துணைக்கொள்வர்.

இராயபுரத்திலுள்ள இராசா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை, பழைய சிறைச்சாலை சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை, தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை போன்ற, நோயாளிகள் நிறைந்த அரசு நிறுவனங்களில் இத்தகைய குறிப்புகளுக்கு மதிப்பு மிகுதி. கவசம் அணிந்த நிலையில் அவை மங்கும் என்பதைப் பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டும். மணம் தெரியவில்லை என்பதைக் கொண்டு புண்ணில் தொற்றில்லை என முடிவு செய்யலாகாது. அதே நேரத்தில், மோந்து பார்ப்பதற்காகக் காசநோய்ப் பிரிவிலோ தொற்றுநோய்ப் பிரிவிலோ கவசத்தை இறக்குவதும் தகாது. புண்ணின் நிறம், கசிவு, காய்ச்சல், நாடித்துடிப்பு ஆகியவற்றைக் கூடுதல் கவனத்துடன் பார்த்தல், நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் மணம் குறித்துக் கேட்டல், ஐயம் எழுந்தால் சோதனைக்கு அனுப்புதல் ஆகியவையே மாற்று வழிகளாகும்.

கோவிட்-19 காலம்

தமிழ்நாட்டில் முதல் கோவிட்-19 தொற்று 2020 மார்ச்சு 7 அன்று அறிவிக்கப்பட்டது. ஏப்பிரலில் சென்னை மாநகராட்சி பொது இடங்களில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு மே, சூன் மாதங்களில் மாநகராட்சியின் அன்றைய 15 மண்டலங்களில் இராயபுரம் மண்டலமே தொற்று எண்ணிக்கையில் முன்னின்றது. நெருக்கமான தெருக்களும் சிறிய வீடுகளும் மிகுந்த அம்மண்டலத்தில் நடந்த வீடுவீடான காய்ச்சல் ஆய்வுகளில் ஈடுபட்ட களப்பணியாளர்கள் நாள் முழுதும் கவசம் அணிந்திருந்தனர்.

திடீரென மணமும் சுவையும் தெரியாமற் போவது இந்நோயின் அறிகுறி என்பது உலகெங்கும் உணரப்பட்ட பின்னர், இந்திய நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2020 சூன் 13 அன்று வெளியிட்ட திருத்திய சிகிச்சை நெறிமுறையில் அதனைச் சேர்த்தது. இத்தீநுண்மி பற்றுவது பெரும்பாலும் நுகர்ச்சி நரம்பணுக்களை அன்று. அவற்றைச் சூழ்ந்து தாங்கும் துணையணுக்களையே என்பது பின்னர் தெளிவாயிற்று. துணையணுக்கள் மீண்டும் வளரக் கூடியவையாதலால் பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது.

மருத்துவப் பணியாளரைப் பொறுத்தவரை இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. மணம் மங்குவதைக் கவசத்தின் விளைவு எனக் கருதிப் பொருட்படுத்தாமல் விட்டால், நோயின் முதல் அறிகுறி தவறிப்போகும். அப்பணியாளர் தாம் அறியாமலே நோயாளிகளுக்கும் உடன் பணிபுரிவோருக்கும் தொற்றைக் கடத்தலாம். இதனைத் தவிர்க்க எளிய வழி, பணி முடிந்து கவசமின்றி வீட்டில் இருக்கும்போது காப்பித்தூள், ஏலக்காய், சவர்க்காரம் போன்ற பழகிய பொருளை நாள்தோறும் மோந்து பார்ப்பதாகும். மூக்கடைப்பு இல்லாத நிலையிலும் மணம் தெரியவில்லையெனில் சோதனை செய்துகொள்வது முறை.

நீடித்த நுகர்ச்சி இழப்புக்கு நுகர்ச்சிப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. செருமனியின் திரெசுடன் நகரைச் சேர்ந்த தாமசு உம்மலும் அவருடைய குழுவினரும் 2009 இல் வெளியிட்ட முறையில் ரோசா, யூக்கலிப்டசு, எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள் மோந்து பழக வேண்டும்.

பொருத்தச் சோதனையில் மணமும் சுவையும்

கவசம் ஒருவரது முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்பதை அறிய நடத்தப்படும் பொருத்தச் சோதனை, துகளுக்கும் மணத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. கரிம ஆவிகளைத் தடுக்கும் குப்பி பொருத்திய கவசத்திற்கு, வாழைப்பழ மணமுடைய ஐசோஅமைல் அசிட்டேட்டு பயன்படுகிறது. அணிந்தவருக்கு அம்மணம் தெரிந்தால் ஓரங்களில் கசிவு உள்ளது எனக் கொள்ளப்படும்.

என்-95 கவசத்திற்கு இச்சோதனை பயன்படாது. கவசம் எவ்வளவு இறுகப் பொருந்தினும் வாழைப்பழ மணம் அதனைக் கடந்து வந்துவிடும். எனவே இனிப்பான சாக்கரின் கரைசலோ, மிகக் கசப்பான டெனாட்டோனியம் கரைசலோ நுண்திவலைகளாகத் தெளிக்கப்படுகிறது. திவலைகள் துகள்களாதலால் நன்கு பொருந்திய கவசம் அவற்றைத் தடுத்துவிடும். சுவை தெரிந்தால் கசிவு உண்டு. சோதனைக்கு முன்னர், அச்சுவையை அவர் உணரக் கூடியவரா என்பது கவசமின்றிச் சோதிக்கப்படும். சுவையுணர்வு இழந்தவருக்கு இம்முறை பொய்யான நம்பிக்கையைத் தந்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

ஆகவே, பிணி வார்டில் கவசத்தினூடே கிருமிநீக்கியின் மணம் வருவதைக் கொண்டு கவசத்தைப் பழுதெனத் தள்ளுவதோ, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கவசங்களை அணிவதோ தேவையற்றது.

விம்கோ நகர்ப் பகுதி

விம்கோ நகர் சென்னையின் வடபகுதியில் திருவொற்றியூரை அடுத்து அமைந்துள்ளது. 1923 இல் தொடங்கப்பட்ட மேற்கிந்தியத் தீப்பெட்டி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமே இவ்வூரின் பெயராயிற்று. சென்னை - கும்மிடிப்பூண்டி தொடர்வண்டித் தடத்தில் இதற்கு நிலையம் உள்ளது. 2021 பெப்ரவரி 14 அன்று சென்னை மெட்ரோ தொடர்வண்டியும் இங்கு நீட்டிக்கப்பட்டது. தெற்கே சென்னைத் துறைமுகமும், வடக்கே எண்ணூரின் உர ஆலையும் அனல்மின் நிலையங்களும் காமராசர் துறைமுகமும், மேற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இப்பகுதியைச் சூழ்ந்துள்ளன. நிலக்கரித் தூள், சாம்பல், எண்ணெய் ஆவி, அமோனியா எனத் துகளும் வளிமமும் ஒருங்கே காணப்படும் சூழல் இது.

2023 திசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் பெருமழையைக் கொணர்ந்தபோது, மணலிப் பகுதியிலிருந்து வெள்ளநீருடன் கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வீடுகளும் படகுகளும் வலைகளும் எண்ணெயில் தோய்ந்தன. எண்ணெயை அகற்றும் பணியில் மீனவர்கள் பெருமளவில் ஈடுபட்டனர். எண்ணெயிலிருந்து எழும் கரிம ஆவிகளைச் சாதாரண முகக்கவசம் தடுப்பதில்லை. இத்தகைய பணிக்குக் கரிம ஆவிக் குப்பி பொருத்திய கவசமும் கையுறையும் தேவைப்படுகின்றன.

அதே மாதம் 26 ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் உள்ள கோரமண்டல் இன்டர்நேசனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் உள்ளிட்ட கடலோரக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் நெடியால் விழித்து வீடுகளை விட்டு வெளியேறினர். கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றுடன் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலில் காற்றிலிருந்த அமோனியா ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் என மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான இந்தியத் தரவரம்பு 400 மைக்ரோகிராம் ஆகும். ஆலை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து இதனை விசாரித்தது.

அன்றிரவு மக்களை எழுப்பியது மூக்கேயாகும். அமோனியாவின் நெடி, அது உயிருக்கு உடனடி ஊறு விளைவிக்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே தெரியக் கூடியது. காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு அமோனியா இருந்தால் அது உயிருக்கு உடனடி இடர் தரும் அளவாகக் கொள்ளப்படுகிறது; பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளிலேயே பெரும்பாலோர் அதனை உணர்ந்துவிடுவர். என்-95 கவசம் அணிந்தவருக்கும் இந்நெடி எட்டும். அது கவசத்தின் குறை அன்று. வெளியேறுமாறு கூறும் எச்சரிக்கையாகும்.

மருத்துவமனைப் பணியாளருக்கும் இதில் பாடம் உண்டு. அமோனியாவால் பாதிக்கப்பட்டவரின் ஈர உடையிலும் தலைமுடியிலும் அவ்வளிமம் தங்கியிருக்கலாம். அவரைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, உடையை அகற்றி, கண்ணையும் தோலையும் மிகுதியான நீரால் கழுவிய பின்னரே மூடிய பிரிவுக்குள் கொண்டுசெல்ல வேண்டும். முகக்கவசம் அணிந்திருக்கிறோம் என்ற துணிவில் இப்படியைத் தவிர்ப்பது பணியாளருக்கே தீங்காகும்.

மூக்கை நம்ப இயலாத இடங்கள்

மணம் ஒரு நல்ல எச்சரிக்கையாளராயினும் எல்லா நஞ்சுக்கும் அது பொருந்தாது.

மணமற்றவை: கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. நிலக்கரிச் சாம்பலின் நுண்துகள்களுக்கும் குறிப்பிடத்தக்க மணமில்லை. முன்னதை என்-95 தடுக்காது. பின்னதை நன்கு தடுக்கும்.

மூக்கை மரக்கச் செய்பவை: அழுகிய முட்டை மணமுடைய ஐதரசன் சல்பைடு மிகச் சிறிய அளவிலேயே தெரியும். ஆனால் பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை ஒட்டி நுகர்ச்சி உணர்வையே அது மழுங்கச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவது உயிரிழப்பில் முடியலாம்.

தாமதமாகத் தெரிபவை: மருத்துவமனைக் கருவிகளைத் தூய்மிக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு, பத்து இலட்சத்தில் சில நூறு பங்குகளை எட்டிய பின்னரே மணக்கும். பணியிடத்தில் அதற்கு அமெரிக்காவில் ஏற்கப்பட்டுள்ள 8 மணி நேரச் சராசரி வரம்போ பத்து இலட்சத்தில் 1 பங்கு மட்டுமே.

பழகிவிடுபவை: உடற்கூற்று ஆய்வுக்கூடத்தில் பார்மால்டிகைடின் நெடி சிறிது நேரத்தில் பழகிப்போகிறது. நெடி குறைந்தது போலத் தோன்றினும் காற்றில் அதன் அளவு குறைந்திருப்பதில்லை. இவ்வேதிப்பொருள் மனிதரிடம் புற்றுநோய் உண்டாக்குவது என வகைப்படுத்தப்பட்டுள்ளது. இங்கும் அறுவை முகக்கவசமோ என்-95 கவசமோ பயன் தராது. காற்று வெளியேற்றியும் தகுந்த குப்பிக் கவசமுமே தேவை.

எந்த இடருக்கு எக்கவசம்

அறுவை முகக்கவசம்: அணிந்தவரின் வாய், மூக்கிலிருந்து வெளிப்படும் திவலைகளைப் பிறர்மீது படாமல் தடுப்பது. எதிரிலிருந்து தெறிக்கும் குருதி முதலிய நீர்மங்களையும் தடுக்கும்.

என்-95, எப்.எப்.பி-2 கவசங்கள்: காசநோய், தட்டம்மை, கோவிட்-19 போன்ற காற்றுவழித் தொற்றுகளுக்கும், நிலக்கரித் தூள், சாம்பல், சிமெண்டுத் தூள் ஆகியவற்றுக்கும் ஏற்றவை. வளிமங்களுக்குப் பயன்படாதவை.

மெல்லிய கரி அடுக்குள்ள கவசம்: தொல்லை தரும் மணத்தைச் சிறிது நேரம் குறைக்கும். நச்சு வளிமத்திலிருந்து பாதுகாப்பு அளிப்பதன்று. மணத்தைக் குறைத்து, இடரைக் குறைக்காமல் விடுவதால் சில சூழல்களில் இது ஏமாற்றத்திற்கும் இடமளிக்கும்.

குப்பி பொருத்திய கவசம்: குறிப்பிட்ட வளிமத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியது. குப்பிக்கு ஆயுள் வரம்பு உண்டு. இக்கவசத்தினுள் மணம் தெரிந்தால் குப்பி தீர்ந்தது அல்லது ஓரம் கசிகிறது என்று பொருள். உடனே வெளியேற வேண்டும். என்-95 கவசத்திற்குப் பொருந்தாத விதி இங்கே பொருந்துகிறது.

தனிக் காற்றுக்கலம் கொண்ட கருவி: வளிமத்தின் வகையோ அளவோ தெரியாத இடத்திலும், உயிர்வளி குறைந்த இடத்திலும் இதுவே ஏற்றது. தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்துவது இவ்வகையாகும்.

பரவலான சில பழக்கங்கள்

பிணக்கூறாய்வு அறையிலும் புண் கட்டும் அறையிலும் பணிபுரிவோர் சிலர் நாற்றத்தைத் தாங்குவதற்காகக் கவசத்தின் உள்ளே தைலமோ கற்பூரமோ தடவுவதுண்டு. இது கெட்ட மணத்தை உணரவிடாமல் செய்கிறதே தவிர, காற்றில் உள்ள எதனையும் நீக்குவதில்லை. கூர்மையான தைல மணம் மூக்கை நிரப்பிவிடுவதால் எரிவாயுக் கசிவு போன்ற பிற எச்சரிக்கைகளும் தவறக் கூடும். எண்ணெய் பட்டால் வடிகட்டி இழைகளின் மின்னூட்டமும் குறையலாம். என்-95 என்னும் பெயரின் முதலெழுத்தே அது எண்ணெய்த் திவலைகளைத் தாங்குவதன்று என்பதைக் குறிக்கிறது.

வளிமக் கசிவின்போது முகத்தை ஈரத்துணியால் மூடுவது பற்றியும் மிகையான நம்பிக்கை உண்டு. அமோனியா நீரில் எளிதில் கரைவதால் நனைத்த துணி வெளியேறும் சில நிமிடங்களுக்கு ஓரளவு உதவும். நீரில் கரையாத எண்ணெய் ஆவிகளுக்கு அவ்வுதவியும் இல்லை. எவ்வகைத் துணியாயினும் அது விலகிச் செல்வதற்குத் துணையே தவிர, அவ்விடத்திலேயே தங்குவதற்கான பாதுகாப்பு அன்று. கொடி, புகை, மரக்கிளை ஆகியவற்றைப் பார்த்துக் காற்று வீசும் திசையை அறிந்து, அதற்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். அமோனியா காற்றைவிட இலேசானதாயினும், குளிரூட்டப்பட்ட நீர்ம நிலையிலிருந்து கசியும்போது குளிர்ந்த மூட்டமாகத் தரையை ஒட்டிப் பரவக் கூடும். ஆகவே அத்தகைய கசிவில் தாழ்வான இடங்களையும் தவிர்ப்பது நலம்.